அம்மாவின் ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள்: வயது மட்டும்தானா காரணம்?

கேள்வி: பாலக்கோடு அருகே தக்காளி பயிரிடுகிறோம். அம்மாவுக்கு 66 வயது. தலைச்சுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘மூளைச் சிறு ரத்தக்குழாய் நோய், ஃபசெகாஸ் 2’ என்று இருக்கிறது. ‘வயதானால் வருவதுதான்’ என்கிறார்கள். பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும் போடுகிறார். மூப்படைந்த செல்களை அழிக்கும் மாத்திரை இணையத்தில் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: ஸ்கேன் அறிக்கையைவிட, ‘தலை சுற்றும் நாளில் மட்டும்’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஃபசெகாஸ் என்பது வெள்ளைத் திட்டுகளின் அளவைச் சொல்லும் எண். 3 வரை உண்டு, அம்மாவுடையது நடுத்தரம்.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒற்றை அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, தேவைப்படும்போது குழாயை விரியச் செய்பவை அவை. மூளையில் அவற்றுக்கு இன்னொரு காவல் வேலையும் உண்டு: ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைத் திசுவுக்குள் கசிந்துவிடாதபடி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்கின்றன.

இந்தச் செல்களும் மூப்படைவதுண்டு. மூப்படைந்த செல் இரண்டாகப் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடுகிறது, ஆனால் சாவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, அண்டைச் செல்களையும் மூப்படையச் செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைய, குழாய் விறைக்கிறது. பிணைப்புகள் தளர, ரத்தப் புரதங்கள் கசிகின்றன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறை நலிகிறது. அந்தச் சேதம்தான் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது.

உங்கள் சொட்டுநீர்க் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கோளாறு என்றாலும் முதலில் வாடுவது வரிசையின் கடைசிச் செடி. மூளையின் ஆழத்தில் இந்த நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியும் நீண்ட, மெல்லிய குழாய்களின் கடைசியில்தான் இருக்கிறது. பக்கத்துக் குழாயிலிருந்து அதற்கு ரத்தம் வருவது அரிது.

வயதுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவை இந்தச் செல்களை வயதுக்கு முன்பே மூப்படைய வைக்கின்றன. வயதை நிறுத்த முடியாது. அழுத்தத்தைக் குறைக்க முடியும். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று வைத்தவர்களைவிட வெள்ளைத் திட்டுகள் மெதுவாகவே வளர்ந்தன. அம்மாவுக்கு எந்த அளவு சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். இருக்கும் திட்டுகள் பெரும்பாலும் மறையமாட்டா. புதியவை வருவதைத் தாமதப்படுத்தலாம்.

அழுத்தம் ஏறினால் தலை சுற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். பலருக்கு 180 இருந்தாலும் ஒன்றும் தெரியாது. மாத்திரையைத் தினமும் போட வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு அளந்து எழுதிவையுங்கள். எழுந்து நின்றதும் ஒருமுறை அளந்து பாருங்கள். நிற்கும்போது அழுத்தம் இறங்குவதாலும் தலை சுற்றும். தோட்ட வேலையில் மருத்துவமனைக்குப் போக நேரமில்லை என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கப்பட்டதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். களி தாராளமாகச் சாப்பிடட்டும். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய்க்குப் பதில் கீரைக் கடைசல் இருக்கட்டும்.

இணையத்து மாத்திரையை வாங்காதீர்கள். மூப்படைந்த செல்களை நீக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. ஆஸ்பிரினையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்; இந்த நோயில் நுண்ணிய ரத்தக்கசிவும் நேரலாம்.

நடை தளர்வது, பேச்சிலும் யோசனையிலும் தாமதம், அடக்க முடியாத சிறுநீர் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குப் போகும் நேரமும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும்.