விசிட்டர் விசாவில் கணவரைப் பார்க்கப் போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கணவர் நியூ ஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறார். எனக்காக ஐ-130 மனு (மனைவியை அங்கே குடியேற அழைக்கும் மனு) போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் முடியவில்லை. அதற்குள் மூன்று மாதம் விசிட்டர் விசாவில் போய் இருந்துவிட்டு வர ஆசை. செலவுக்கு நகையை 4 லட்சத்துக்கு அடகு வைக்கலாமா? தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறேன். அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வைக்க வேண்டாம். விசா கைக்கு வராமல் நகை பீரோவை விட்டு வெளியே வரவே கூடாது.

மனு நிலுவையில் இருந்தாலும் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், தடை இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி கேள்வியையே ஆரம்பிப்பார். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். குடியேற்ற மனு உங்கள் பெயரிலேயே இருக்கும்போது இது சுலபமில்லை. விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்திலும் அந்த மனுவைப் பற்றிக் கேட்பார்கள். "இல்லைன்னு போட்டுடுங்க" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடை வரலாம், உங்களுக்கு வரவேண்டிய கிரீன் கார்டும் சேர்ந்து போகும்.

விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 16,650 ரூபாய். விசா மறுத்தால் திரும்ப வராது. போனால் போகட்டும் என்று நீங்கள் துணியலாம் என்றால் அந்தத் தொகைக்கும் சென்னை போய்வரும் செலவுக்கும் மட்டும்தான். மூன்று மாதம் என்று கேட்காமல், மே மாத விடுமுறையில் மூன்று வாரம் என்று பள்ளியின் விடுப்புக் கடிதத்தோடு கேட்டால் கொஞ்சம் நம்பும்படி இருக்கும்.

இப்போது நகைக்கு வருவோம். 9 சதவீத வட்டி என்றாலே 4 லட்சத்துக்கு வருடம் 36,000 ரூபாய், மாதம் 3,000. நீங்கள் கட்டும் ஆர்.டி. அப்படியே வட்டிக்குப் போய்விடும், அசல் நகராது. அதைவிட என்னை யோசிக்க வைப்பது அப்பாவின் படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வருமானம் கிடையாது, படகைக் கரையேற்றி மராமத்தும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு நகைதானே கை கொடுக்கும்? அது ஏற்கெனவே வங்கியில் இருந்தால் அப்பா வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார், பிறகு பிடிக்கிற மீனுக்கு விலை சொல்வது அப்பாவாக இருக்காது. உங்கள் பயணச் செலவு அப்பா தலையில் விடியும்.

சரி, பார்க்காமலே இருப்பதா? கணவர் வரட்டும். இந்திய பாஸ்போர்ட்தான் என்றால் அவருக்கு விசாவே வேண்டாம், ஒரு டிக்கெட்டோடு முடிந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கக் குடியுரிமை கேட்க கிரீன் கார்டில் அங்கே இருக்க வேண்டிய ஐந்து வருடத் தொடர்ச்சியில் சிக்கல் வரும். சம்பளமில்லாத விடுப்பு நீளவும் கூடாது, உங்களை ஸ்பான்சர் செய்ய அவருக்கு அமெரிக்க வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த ஐந்து வருடம் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் உங்கள் மனு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குடியுரிமைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 710 டாலர். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் உருப்படியான முதலீடு அதுதான்.

ஆர்.டி.யை உடைக்காதீர்கள். கணவரின் மனு முடிந்து குடியேற்ற விசா கட்டம் வரும்போது கட்டணங்களுக்கு மொத்தம் 680 டாலர், அதாவது சுமார் 61,000 ரூபாய் தேவைப்படும். மும்பை நேர்காணல் செலவு தனி.

ஒருவேளை விசிட்டர் விசா கிடைத்துவிட்டால் டிக்கெட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் கணவரே போடட்டும். அமெரிக்க விமான நிலைய அதிகாரி திருப்பி அனுப்பவும் அதிகாரம் உள்ளவர் என்பதால், தேதி மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற டிக்கெட்டாக இருக்கட்டும். அந்தச் செலவை கணவர் இங்கே பணமாக அனுப்பினாலும் சரி, கணவர் மனைவிக்குத் தரும் பணத்துக்கு இங்கே உங்களுக்கு வருமான வரி கிடையாது.