ஏற்காட்டில் வைத்தால் ஆகாதா?

கேள்வி: காவலூரில் தொலைநோக்கி இருக்கிறது. உயரம் வேண்டுமென்றால் நம் ஏற்காடு இருக்கிறது. அப்புறம் எதற்கு 30 மீட்டர் தொலைநோக்கி என்று 1,300 கோடி ரூபாயை ஹவாயில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்? அங்கேயும் கட்ட விடவில்லையாமே!
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஜூலையில் ஒரு ராத்திரி ஏற்காட்டில் தங்கிப் பாருங்கள். எதிர்வீட்டு விளக்கே மங்கலாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மேகம் விலகினால் கீழேயிருந்து சேலத்தின் வெளிச்சம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஹவாயின் மௌனா கியா மலையில் இதற்குப் பார்த்திருக்கும் இடம் 4,000 மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்தத் தொலைநோக்கி பார்க்க வேண்டிய அகச்சிவப்பு ஒளியை விழுங்கும் நீராவியில் பெரும்பங்கு அதற்குக் கீழேயே நின்றுவிடுகிறது. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் நம்மவர்கள் உருவாக்கியது. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஒளி சேர்க்கும் பரப்பில் 30 மீட்டர் தொலைநோக்கி அதைப்போல நூறு மடங்குக்கு மேல்.

அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே துண்டாகச் செய்ய முடியாது. செய்தாலும் நம் 20 கொண்டை ஊசி வளைவில் எந்த லாரி அதைத் திருப்பும்? அதனால்தான் 1.44 மீட்டர் அகலத்தில் 492 அறுகோணத் துண்டுகள். அவற்றில் 80-க்கும் மேற்பட்டவற்றைத் தேய்த்து மெருகேற்றுவது பெங்களூரு பக்கத்து ஹொசகோட்டையில் உள்ள நம் வானியல் கூடத்தின் பொறுப்பு. பக்கத்துத் துண்டுகள் நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் விலகினாலும் காட்டிக்கொடுக்கும் விளிம்பு உணரிகளும் நம் பங்கில் வருகின்றன. 2014-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்த 1,300 கோடியில் ஏறக்குறைய 70 சதவீதம் இப்படிப் பொருளாகவும் உழைப்பாகவும் போவதுதான். இதையா கொட்டுவது என்கிறீர்கள்?

சரி, அந்த 'விடவில்லையாமே'. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஜப்பான், சீனா, கனடா, இந்தியாவும் கூடிப் பங்கு பிரித்தன. அந்த மலையைப் புனிதமாகக் கும்பிடும் பூர்வகுடிகளில் பலர் சம்மதிக்கவில்லை. எதிர்ப்பாளர்களை விசாரிக்கும் முன்பே அனுமதி கொடுத்தது தப்பு என்று 2015-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018-ல் புது அனுமதியை ஏற்றது. 2019-ல் முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் சாலையில் உட்கார்ந்து கைதானார்கள். நம் சேர்வராயன் கோயில் உச்சியில் 18 மாடி உயரத்துக்குக் கட்டடம் எழுப்ப ஐந்து நாடு கையெழுத்துப் போட்டு வந்தால், மறியலுக்கு அஸ்தம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

2025-ல் ஸ்பெயின், லா பால்மா தீவுக்கு வாருங்கள், 40 கோடி யூரோ தருகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறது. எந்த மலைக்குப் போனாலும் தேய்க்க வேண்டிய கண்ணாடி அதேதான்.