விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனால் கேம் ஓடுமா?

கேள்வி: என் பிசி ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060. விண்டோஸ் 10 ஓடுகிறது. 11-க்குத் தகுதி இல்லை என்று காட்டுகிறது. பகலில் ப்ரவுசர், அலுவலக எக்செல். இரவில் எல்டன் ரிங், விட்சர் 3. சனி, ஞாயிறு வந்தால் நண்பர்களோடு ஃபோர்ட்நைட். லினக்ஸுக்கு மாறலாமா, மேக் வாங்கலாமா, இல்லை புது பிசியே எடுக்க வேண்டுமா?

பதில்: புது பிசி வேண்டாம். விண்டோஸ் 11-க்கான பட்டியல் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக, நன்றாக ஓடும் மெஷின்களைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எந்த ஓஎஸ் வேகம் என்றுதான் பலரும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது அப்புறம். நீங்கள் ஆடும் கேம்களை வரிசையாக எழுதி, எதிலெல்லாம் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும் மென்பொருள்) இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

லினக்ஸில் விண்டோஸ் கேமை ஓட்டித் தருவது புரோட்டான். வால்வ் நிறுவனம் 2018-ல் தன் கேம் கடையான ஸ்டீமோடு சேர்த்துக் கொடுத்தது. அவர்களின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் இதை நம்பித்தான் ஓடுகிறது. கேம் விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸில் கேட்பதை, இது லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் தருகிறது. ஸ்டீம் செட்டிங்ஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியைப் பார்த்துக்கொண்டால் போதும். விட்சர் 3, எல்டன் ரிங் இரண்டும் ஓடும். எல்டன் ரிங்கில் ஈஸி ஆன்டி-சீட் இருந்தும் ஆன்லைனில் ஆடலாம். ஆனால் உங்கள் 1060-க்கு லினக்ஸில் டைரக்ட்எக்ஸ் 12 கொஞ்சம் சுமைதான். விட்சர் 3-ஐத் திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். எல்டன் ரிங்குக்கு அந்த வசதி இல்லை, கிராபிக்ஸ் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட்நைட் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்களும் 2021-லிருந்தே புரோட்டானை ஏற்கின்றன. ஆனாலும் கேம் நிறுவனம் தன் பக்கம் அனுமதி கொடுத்தால்தான் ஆட முடியும். ஃபோர்ட்நைட்டுக்கு அதன் நிறுவனமான எபிக் கொடுக்கவில்லை. வேலரன்ட் இன்னும் கறார். அதன் ஆன்டி-சீட்டான வேன்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே போய் உட்காருகிறது, புரோட்டானில் அந்தக் கெர்னலே கிடையாது. இன்று ஓடுகிறது என்பதை வைத்தும் நிம்மதியாக இருக்க முடியாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்கள். காசு கொடுத்து ஸ்கின் வாங்கியவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

மேக் அன்றாட வேலைக்கு அருமை; சத்தமில்லை, சூடில்லை. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 மாதிரி சில பெரிய கேம்களும் வந்துவிட்டன. உங்கள் எல்டன் ரிங் வரவில்லை. கேமுக்காக மேக் வாங்காதீர்கள்.

சரி, உங்களுக்கு என் யோசனை: ஒரு இரண்டாவது எஸ்எஸ்டி போட்டு அதில் லினக்ஸின் ஒரு வகையான மின்ட். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். விண்டோஸ் ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் பேங்க் வேலை, மெயில் எல்லாம் மின்ட் பக்கம் போகட்டும். எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். ஆனால் அலுவலகக் கோப்பில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல், விபிஏ மொழியில் எழுதுவது) இருந்தால் லிப்ரே ஆபீஸை நம்பாதீர்கள். ப்ரவுசரில் திறக்கும் எக்செலும் விபிஏ மேக்ரோவை ஓட்டாது. அந்தக் கோப்புக்கு விண்டோஸேதான்.

இன்னொன்று, இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கனவே டவுன்லோட் செய்த கேம்கள் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (கோப்புகளை அடுக்கும் முறை) டிரைவில்தானே இருக்கின்றன என்று ஸ்டீமை அங்கே காட்டிவிடாதீர்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டரை அமைத்து, அதற்குள் 'சி:' என்ற பெயரில் ஓர் இணைப்பை வைக்கும். கோப்புப் பெயரில் அந்த முக்காற்புள்ளியை (:) விண்டோஸ் ஏற்காது. அதனால் கேம் திறக்காது, சில நேரம் டிரைவே குழம்பிப்போகும். லினக்ஸ் கேம்கள் லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4-லேயே இருக்கட்டும்.

மின்ட் போட்டதும் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரை ஏற்றுங்கள். அதற்கும் முன்னால், இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்போதுதான் பூட்லோடர் (பிசி ஆன் ஆனதும் ஓஎஸ்ஸைக் கிளப்பும் நிரல்) தவறிப்போய் அதில் ஏறாது.