பாணினியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டவை

பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், அந்த மொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினியைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. இலக்கணம் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவி): பாணினிக்கு எந்த ஊர் ஐயா? எங்கள் அப்பா காசி என்கிறார்.

பதில்: காசி இல்லை அம்மா, அங்கிருந்து வெகு வடமேற்கே சலாதுரம் என்ற ஊர். சிந்து நதியும் காபூல் நதியும் கூடும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைய பாகிஸ்தானின் கைபர் பக்துன்வா மாகாணத்தில் வருகிறது. காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கணிக்கிறார்கள். அவருடைய அம்மா பெயர் தாக்ஷி. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்குப் போன சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே பாணினிக்குச் சிலை இருந்ததாக எழுதியிருக்கிறார். இலக்கண ஆசிரியருக்குச் சிலை வைத்த ஊர் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை!

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன்): சமஸ்கிருதத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

பதில்: இல்லை தம்பி. மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மொழி அது. அவருக்கு முன்பே இலக்கணக்காரர்கள் இருந்தார்கள். சாகடாயனர், கார்க்கியர், சாகல்யர் என்று பத்துப் பேரைத் தம் நூலிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பாணினி செய்தது, மக்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டு, அது எந்த விதிப்படி நடக்கிறது என்று கண்டு சொன்னது.

எவ்வளவு கூர்மையான காது என்பதற்கு ஒரு சான்று. அந்தக் காலத்தில் கிணற்றுக்கு வெட்டியவர் பெயரையே வைப்பார்கள். தத்தன் வெட்டிய கிணறு தாத்தம். பஞ்சாபில் ஓடும் பியாஸ் நதிக்கு அப்போது விபாசை என்று பெயர். அதன் வடகரைக் கிணறுகளின் பெயரில் குரல் முதல் அசையில் உயரும், மற்ற இடங்களில் கடைசி அசையில் உயரும். எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இதற்கென்று பாணினி ஒரு சூத்திரம், அதாவது சுருக்கமான விதி, வைத்திருக்கிறார். 7ஆம் நூற்றாண்டு உரையான காசிகை இந்த இடத்தில் நின்று, 'சூத்திரகாரருக்கு எவ்வளவு நுட்பமான பார்வை!' என்று வியக்கிறது. எனக்கும் அவருடைய நூலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி (ஒரு தாயார்): பாணினியின் இலக்கண நூலான அஷ்டாத்யாயி எவ்வளவு பெரியது? குழந்தைகள் இதை மனப்பாடம் செய்தார்கள் என்பது உண்மையா?

பதில்: எட்டு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் நான்கு பாதம், மொத்தம் ஏறக்குறைய 4000 சூத்திரங்கள். பெரும்பாலானவை இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். எட்டு வயதில் தொடங்கி எட்டு மாதத்தில் குழந்தைகள் ஒப்பித்துவிடுவார்கள் என்று 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இன்னொரு சீனத் துறவி யி ஜிங் எழுதியிருக்கிறார்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன்): இரண்டு மூன்று சொல்லில் எப்படி ஒரு விதியைச் சொல்ல முடியும்? ஒன்றைச் செய்துகாட்டுங்கள் சார்.

பதில்: காட்டுகிறேன், காகிதம் எடுத்துக்கொள். பாணினியின் எழுத்து வரிசை 14 சிறு வரிகள். அவற்றுக்குச் சிவசூத்திரம் என்று பெயர். முதல் ஆறு இவை:

அ இ உ ண் / ரு லு க் / ஏ ஓ ங் / ஐ ஔ ச் / ஹ ய வ ர ட் / ல ண்

(ரு, லு இரண்டும் இங்கே உயிரெழுத்துகள்.) ஒவ்வொரு வரிக் கடைசியிலும் நிற்கும் மெய் வெறும் அடையாளம், அதை எண்ணக்கூடாது. இப்போது ஓர் எழுத்தையும் அதற்குப் பின்னால் வரும் ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னால், இடையில் உள்ளதெல்லாம் அதில் அடங்கும். 'அச்' என்றால் அ முதல் ச் வரை, அதாவது எல்லா உயிரும். 'இக்' என்றால் இ, உ, ரு, லு. 'யண்' என்றால் ய, வ, ர, ல.

அடுத்தது சூத்திரம்: 'இகோ யண் அசி'. வேற்றுமைக்கும் பாணினி தனி வேலை கொடுத்திருக்கிறார். ஆறாம் வேற்றுமையில் நிற்பதன் இடத்தில், முதல் வேற்றுமையில் நிற்பது வரும், ஏழாம் வேற்றுமையில் நிற்பது பின்னால் இருந்தால். ஆக, உயிர் பின்னால் வந்தால் இ, உ, ரு, லு போய் முறையே ய, வ, ர, ல வரும். இதி + ஆதி = இத்யாதி. சு + ஆகதம் = ஸ்வாகதம். பித்ரு + ஆதேசம் = பித்ராதேசம். 'இத்யாதி இத்யாதி' என்று நாமே தமிழில் சொல்கிறோமே, அதற்குள்ளும் இந்தச் சூத்திரம்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. விளையாட்டு ஆசிரியர் 'எட்டாம் வகுப்பு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் பெயரை மட்டும் கூப்பிடுவார் அல்லவா? அதுபோல ஒரு சூத்திரத்தில் வந்த சொல் அடுத்தடுத்த சூத்திரங்களுக்கும் செல்லும். திரும்ப எழுத வேண்டாம். அரை மாத்திரை மிச்சமானால் இலக்கணக்காரர்கள் மகன் பிறந்ததுபோல் கொண்டாடுவார்கள் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு.

கேள்வி (அதே மாணவன்): செய்து பார்த்தேன் சார். ரவி + இந்திரன், 'ரவ்யிந்திரன்' என்று வருகிறதே?

பதில்: சபாஷ், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'அக: ஸவர்ணே தீர்க்க:' என்று இன்னொரு சூத்திரம் இருக்கிறது. ஒரே இன உயிர் இரண்டு சந்தித்தால் இரண்டும் போய் ஒரு நெடில் வரும். அதனால் ரவீந்திரன். முதல் விதி எந்த உயிர் வந்தாலும் பொருந்தும். இது ஒரே இனம் வந்தால் மட்டும். பொது விதியும் சிறப்பு விதியும் மோதினால் சிறப்பு விதிதான் ஜெயிக்கும்.

இரண்டும் சம பலத்தில் மோதினால் 'பிந்தியது செல்லும்' என்று பாணினியே ஒரு விதி சொல்கிறார். நூலில் பிந்தி வரும் சூத்திரம் என்று மரபில் பொருள் கொண்டார்கள். அப்படியல்ல, சொல்லின் வலப்பக்கத்தில் வேலை செய்யும் விதி என்றே பாணினி சொல்கிறார் என்று 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ரிஷி ராஜ்போபட் வாதாடினார். பத்திரிகைகள் புதிரே அவிழ்ந்துவிட்டதாக எழுதின. அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): ண் என்ற அடையாளம் இரண்டு இடத்தில் வருகிறதே? குழப்பம் வராதா?

பதில்: யண் என்னும்போது வராது, ய-வுக்குப் பின்னால் இருப்பது ஒரே ண்தான். ஆனால் 'அண்' என்றால் எந்த ண் வரை? 2000 வருடங்களுக்கு முன்பே பதஞ்சலி, பாணினீயத்துக்கு எழுதிய மகாபாஷ்யம் என்ற உரையில் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார். சந்தேகம் வந்தால் உரையைப் பார்த்துத் தெளிந்துகொள், அதற்காகச் சூத்திரத்தைத் தள்ளிவிடாதே என்பது அவர் பதில். பெரிய ஆளோடுதான் சேர்ந்திருக்கிறாய்.

கேள்வி: நடராஜர் உடுக்கை அடித்தபோது 14 சூத்திரமும் வந்ததா? பாணினியைச் சிங்கம் கொன்றதா?

பதில்: உடுக்கைக் கதை பின்னால் வந்த மரபு, சிவசூத்திரம் என்ற பெயருக்கு அதுதான் காரணம். சிங்கம் கொன்றதாகப் பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் சொல்கிறது. இரண்டையும் கதையாக ரசிக்கலாம்.

கேள்வி (ஒரு தந்தை): கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசா சொல்லிவிட்டதாமே?

பதில்: நாசா அப்படி அறிவிக்கவில்லை. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரை ஊதிப் பெருக்கப்பட்டது. இதைவிட உருப்படியான செய்தி ஒன்று இருக்கிறது. கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுத பேக்கஸ் என்பவர் பெயரில் ஒரு முறை உண்டு. அது பாணினியின் முறையை ஒத்திருப்பதால் அவர் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று 1967இல் இங்கர்மன் என்ற கணினி அறிஞர் எழுதினார்.

கேள்வி (தமிழாசிரியர் ஒருவர்): தொல்காப்பியர் பாணினியைப் பார்த்துத்தான் எழுதினார் என்கிறார்களே?

பதில்: பாயிரம் 'ஐந்திரம் நிறைந்த தொல்காப்பியன்' என்கிறது, பாணினியைச் சொல்லவில்லை. ஐந்திரம் என்பது வேறு இலக்கண மரபு. விளியைத் தொல்காப்பியம் எட்டாம் வேற்றுமையாக எண்ணுகிறது. பாணினிக்கு அது முதல் வேற்றுமையில் அடக்கம். பொருளதிகாரத்துக்கு அஷ்டாத்யாயியில் இணையே கிடையாது. ஆனால் பாணினீயம் இங்கே படிக்கப்பட்டது உண்மை. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. அங்கே மேல்வகுப்பில் 25 மாணவர்கள் வியாகரணம், அதாவது சமஸ்கிருத இலக்கணம், படித்தார்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது பத்து. எங்கே தொடங்கலாம்?

பதில்: 14 சிவசூத்திரங்களைப் பாட்டுபோலச் சொல்லவையுங்கள். அப்புறம் மேலே சொன்ன இரண்டு சந்தி விதிகளுக்குத் தினமும் இரண்டு மூன்று சொற்களைப் பிரித்துச் சேர்க்கட்டும். அது கைவந்தபின் தொடக்க மாணவர்களுக்கான சுருக்க நூலான வரதராஜரின் லகுகௌமுதியை ஓர் ஆசிரியரிடம் வைத்துப் படிக்கலாம். அஷ்டாத்யாயியை நேராகக் கையில் கொடுக்கவேண்டாம்.