டான்யூப் க்ரூஸ்ல வாஹாவ் பள்ளத்தாக்கு: உங்க கேள்விகளும் என் பதில்களும்

டான்யூப் ஆத்து க்ரூஸ் பத்தி வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஆஸ்திரியாவுல மெல்க், டியூர்ன்ஸ்டைன்னு ரெண்டு ஊரும் வர்ற அந்த ஒரு நாளைப் பத்திதான், அதனால இந்த தடவை அதையே எடுத்துக்கிட்டேன். கப்பல் வியன்னாவை நோக்கி ஆத்தோட போக்குல போகுதுன்னு வச்சு சொல்றேன், எதிர்ப்பக்கம் இருந்து வர்றவங்க இடது வலதை மாத்திக்கோங்க.

கேள்வி: எங்க பால்கனி ரூம் வலது பக்கம் இருக்கு. நல்ல வியூ கிடைக்குமா?

பாதிதான் கிடைக்கும். தயவுசெஞ்சு மேல டெக்குக்கு போயிடுங்க. மெல்க்ல இருந்து கிரெம்ஸ் ஊர் வரைக்கும் இருக்கறதுதான் வாஹாவ் பள்ளத்தாக்கு, சுமார் 36 கிலோமீட்டர், 2000-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்த இடம், ஆனா கப்பல்ல ரெண்டு மணி நேரம் போல தான் ஆகும், நிறைய கப்பல்ல சரியா அந்த நேரம் பாத்து லஞ்ச் போட்டுடுவாங்க. சூப்போட எழுந்திரிச்சு வந்தாலும் பரவாயில்ல, வந்துடுங்க. கிளம்பின கொஞ்ச நேரத்துல வலது பக்கம் ஷோன்ப்யூல் கோட்டை, அப்புறம் அதே பக்கம் ஆத்துக்கு மேல 300 மீட்டர் உயரத்துல ஆக்ஸ்டைன் இடிஞ்ச கோட்டை. அதுக்கப்புறம் எல்லாரும் இடது பக்கம் வந்துடணும். வில்லன்டோர்ஃப் ஊர் வரும், வில்லன்டோர்ஃப் வீனஸ்னு சொல்ற 11 சென்டிமீட்டர் பெண் சிலை 1908-ல கிடைச்சது இங்கதான், கிட்டத்தட்ட 30,000 வருஷப் பழசு, அசல் சிலை வியன்னா இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. அடுத்து ஸ்பிட்ஸ், மலைச்சரிவு முழுக்க சாந்து வைக்காம கல்லு மேல கல்லு அடுக்கிக் கட்டின படிப்படியான திராட்சைத் தோட்டம். அங்க ஆத்துக்கு குறுக்க ஒரு கம்பி போகும் பாருங்க, அதுல மாட்டின படகு ஒண்ணு கார், சைக்கிள் எல்லாம் ஏத்திக்கிட்டு அக்கரைக்கு போகும், எஞ்சின் இல்ல, படகை லேசா சாய்ச்சு நிறுத்தினா தண்ணியோட வேகமே தள்ளிக்கிட்டு போயிடும். மெல்க் தாண்டினா கிரெம்ஸ் வர்ற வரைக்கும் பாலமே கிடையாது, அதனால இந்த ஊர்க்காரங்களுக்கு இதுதான் வழி.

கேள்வி: மெல்க் மடாலயத்துல கைடு தேவையா? அம்மாவுக்கு முட்டி வலி வேற.

கைடோட போங்க. பெனடிக்டைன் துறவிகள் 1089-ல இருந்து அங்க இருக்காங்க, இப்ப நாம பாக்குற மஞ்சள் கட்டடம் கட்டடக் கலைஞர் யாக்கோப் பிராண்ட்டாவர் 1702-ல ஆரம்பிச்சது. மார்பிள் ஹால்னு பேரு, ஆனா கதவு நிலைகள்தான் நிஜ மார்பிள், சுவர் எல்லாம் மார்பிள் மாதிரியே பூசின சுண்ணாம்பு வேலை, இதெல்லாம் யாராவது காட்டினாதான் கண்ணுல படும். மியூசியத்துல ஒரு சவப்பெட்டி இருக்கும், அதை விட்டுடாதீங்க. அடிப்பலகை கதவு மாதிரி திறக்கும், உடலை குழிக்குள்ள இறக்கிட்டு பெட்டியை அடுத்தவங்களுக்கு எடுத்துக்கலாம், மரம் மிச்சமாகட்டும்னு இரண்டாம் ஜோசப் மன்னர் 1784-ல போட்ட உத்தரவு, மக்கள் கொதிச்சுப் போனதுல சீக்கிரமே வாபஸ் வாங்கிட்டாரு. நான் அங்க ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

அம்மா விஷயம்: லைப்ரரி முடிஞ்சு சர்ச்சுக்கு இறங்குறது சுழல் படி, ஆரம்பத்துலயே கைடுகிட்ட முட்டி வலின்னு சொல்லி வேற வழி கேட்டு வச்சுக்கோங்க.

கேள்வி: டியூர்ன்ஸ்டைன் கோட்டை மேல ஏறுறது வொர்த்தா?

கால் நல்லா இருந்தா கண்டிப்பா ஏறுங்க. அரை மணி நேரம் செங்குத்தான ஏத்தம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. சிலுவைப் போர்ல இருந்து திரும்பிக்கிட்டு இருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 டிசம்பர்ல ஆஸ்திரியா டியூக் ஐந்தாம் லியோபோல்ட் பிடிச்சு இங்கதான் அடைச்சு வச்சாரு, அப்புறம் பேரரசர் ஆறாம் ஹென்றிகிட்ட ஒப்படைச்சாரு, விடுதலைக்கு பேசின தொகை 1,50,000 மார்க் வெள்ளி. ரிச்சர்டோட பாடகர் கோட்டை கோட்டையா பாடிக்கிட்டே போய் கண்டுபிடிச்சாருன்னு சொல்றது கதைதான், நல்ல கதை. 1645-ல ஸ்வீடன் படை இடிச்சுட்டதால மேல வெறும் சுவர்தான் மிச்சம், ஆனா அங்கிருந்து ஆறு வளையுறதும் நீல நிற சர்ச் கோபுரமும் ஒரே பார்வையில தெரியும். ஏற முடியாதவங்க கீழ அந்த ஒத்தைத் தெருவுலயும் கோபுரத்தடியிலயும் நிதானமா நடந்தாலே போதும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். வெளியில என்ன சாப்பிடலாம்?

மரில்லன்க்நோடல் கேளுங்க, முழு ஆப்ரிகாட்டை மாவுக்குள்ள வச்சு வேக வச்சு வெண்ணெய்ல வறுத்த ரொட்டித்தூள்ல புரட்டித் தருவாங்க, இந்த ஊர் பழத்துக்கே அவ்வளவு பேரு. மாவுல முட்டை சேப்பாங்க, வேண்டாம்னா கேட்டுக்கோங்க. ஃப்ரிட்டாட்டன் சூப்னு தோசையை நறுக்கிப் போட்ட மாதிரி ஒண்ணு வரும், பாக்க சைவமா தெரியும், ஆனா அது மாட்டுக்கறி வேக வச்ச தண்ணி. கப்பல்ல சாப்பாடு விஷயத்தை புக்கிங் அப்பவே எழுத்துல சொல்லிடுங்க, ஏறின அன்னிக்கு சமையல்காரரையும் ஒரு தடவை பாத்துடுங்க.

கேள்வி: எந்த மாசம்?

ஏப்ரல் தொடக்கத்துல ஆப்ரிகாட் பூ, ஜூலைல பழம். என் ஓட்டு பூவுக்கு.

கேள்வி: தண்ணி குறைஞ்சா பஸ்ல கூட்டிட்டு போவாங்களாமே?

ஆமா. இந்தப் பகுதியில நடுவுல அணை கிடையாது, அதனால மழைக்கும் வறட்சிக்கும் தகுந்த மாதிரி மட்டம் ஏறி இறங்கும். 2024 செப்டம்பர் வெள்ளத்துல ஆஸ்திரியாவுல கப்பல் போக்குவரத்தையே நிறுத்தினாங்க. வெள்ளம், வறட்சின்னா என்ன திருப்பித் தருவாங்கன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே படிச்சுப் பாருங்க.

கேள்வி: ஊர் சுத்தப் போய் கப்பலை விட்டுட்டா?

இறங்கும்போது ரிசப்ஷன்ல தர்ற கார்டை மறக்காம வாங்கிக்கோங்க, யார் திரும்பலன்னு அதை வச்சுதான் கண்டுபிடிக்கிறாங்க, கப்பல் போன் நம்பரையும் குறிச்சு வச்சுக்கோங்க. அப்படியும் விட்டுட்டா பதற வேண்டாம், டியூர்ன்ஸ்டைன்ல இருந்து கிரெம்ஸுக்கு பஸ் இருக்கு, கிரெம்ஸ்ல இருந்து வியன்னாவுக்கு ரயில் ஒரு மணி நேரம் தான், பெரும்பாலான கப்பலுக்கு அடுத்த நிறுத்தமும் வியன்னாதான்.