கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் புதுவீடு கட்டி முடித்துவிட்டோம். தையில் கிரகப்பிரவேசம். அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி நடந்தபோது எடுத்த படத்தைக் கூடத்தில் பெரிதாக மாட்ட ஆசை. கான்வாஸா, அக்ரிலிக்கா, மெட்டலா என்று ஸ்டுடியோவில் கேட்கிறார்கள். எது எடுப்பாக இருக்கும்? எது நாள்படும்? மேட்டா, பளபளப்பா?

இன்னொன்று. தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைப் பிரித்து ஸ்கேன் செய்து, கலராக்கிப் புதிதாகப் போட்டுத் தரச்சொல்லி பிரேம் கடையில் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு பழைய படத்தை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

போன வாரம்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்த ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எடுப்பு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கூடம், உங்கள் கண். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் மேட். அவ்வளவுதான்.

நாள்படுவது வேறு விஷயம். நீங்கள் வீடு கட்டியிருப்பது காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில். ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்யும் ஊர். புதுச்சுவர் வேறு, உள்ளே இருக்கும் ஈரம் முழுக்க வெளியேற ஒரு கோடையாவது வேண்டும். கான்வாஸ் என்பது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. ஓதம் ஏறினால் தொய்யும், முதுகில் பூசணம் பூக்கும், சட்டத்துக்குக் கரையான் வரும். அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. அதன் பின்னால் படத்தின் முகப்பைப் பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கீறல் விழுந்தாலும் பிரித்து மாற்ற வழியில்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் லேமினேஷன் செய்து தருவதை வாங்கவே வாங்காதீர்கள். நனைந்தால் அந்தப் பலகை ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிடும். மெட்டல் என்பது அலுமினியத் தகட்டின் மேல்பூச்சில் சூட்டால் சாயத்தை ஏற்றுவது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது, துடைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அது இருக்கட்டும்.

ஆனால் அப்பா அம்மா படத்தைக் காகிதத்தில் போடுங்கள். பருத்திக் காகிதம், எளிதில் வெளிறாத பிக்மென்ட் மை, சுற்றிலும் அமிலமில்லாத அட்டையில் மவுண்ட், மேலே கண்ணாடி. காகிதமா என்று முகம் சுளிக்காதீர்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நெகட்டிவ்கூடக் காகிதம்தான். அது இன்றும் இருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். நூறாண்டு கழித்து அந்தப் படத்துக்கு மாலை போடுகிற காலம் வரும். கான்வாஸில் சந்தனப்பொட்டை எங்கே வைப்பார்கள்? துணி குடித்துவிடும். கண்ணாடி இருந்தால் ஆண்டுதோறும் துடைத்துவிட்டுப் புதுப்பொட்டு வைக்கலாம்.

அந்தக் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கடைக்காரர் அவசரத்தில் கண்ணாடியைப் படத்தின் மேல் அப்படியே கவிழ்த்து ஆணி அடித்துவிடுவார். நடுவில் மவுண்ட் அட்டையின் கனமாவது, இரண்டு மூன்று மில்லிமீட்டராவது, இடைவெளி வேண்டும். ஏன் தெரியுமா? பழைய கருப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரப் பசைக்குச் சொந்தக்காரன். ஈரம் பட்டால் உப்பிப் பிசுபிசுக்கும். காயும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படம் சுவரில் ஒட்டாமல் முன்னால் சாய்ந்து தொங்கியது. கீழே முட்டுக்கு இரண்டு நூல்கண்டுக் கட்டைகள். பின்னால் ஆண்டுதோறும் சிட்டுக்குருவி கூடு கட்டும். அம்மா கலைக்கவிட மாட்டாள். காற்று புழங்கியதால்தான் அத்தனை மழைக்காலமும் அந்தப் படம் தாங்கியது என்று பின்னால்தான் புரிந்தது. வெள்ளையடித்தபோது நான்தான் அதைப் பாங்காகச் சுவரோடு ஒட்டி அடித்தேன். பழைய மவுண்ட் செல்லரித்திருந்தது. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடியை நேரே வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

2008 நவம்பர், நிஷா புயல். நான்கு நாள் விடாத மழை. சுவர் முழுக்க ஓதம். தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் அப்பாவின் நெற்றியில் எண்ணெய்த் திட்டு மாதிரி ஒரு பளபளப்பு. ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தெரிந்தது. எடுத்துக் காயவைத்துவிடலாம் என்று ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். மெல்லத்தான் இழுத்தேன். நெற்றியும் இடது கண்ணும் கண்ணாடியில் நின்றுவிட்டன. காகிதத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. அம்மா எதுவும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு வேறு படம் கிடையாது.

டிரங்குப் பெட்டியில் இருப்பது அந்தக் கண்ணாடிதான்.

இப்போது கேட்கிறேன், உங்கள் தாத்தாவை யாரைக் கேட்டுப் பிரிக்கக் கொடுத்தீர்கள்? ஸ்கேன் எடுக்கப் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வெளிச்சம் கொடுத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து, கேமராவில் எடுத்தாலே போதும். ஒட்டாத இடமும் ஒட்டிய இடமும் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியும். அதைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம். கலராக்குவதென்றால் ஆக்கிக்கொள்ளுங்கள். தாத்தாவின் சட்டை என்ன நிறம் என்று சொல்ல ஆளில்லை, அது வேறு படம், அவ்வளவுதான். ஆனால் பழையதை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது கோபம் வந்தது, தம்பி. அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவர் மேல் பட்ட வெளிச்சம்தான் நெகட்டிவில் விழுந்து, அங்கிருந்து அந்தக் காகிதத்துக்கு வந்தது. ஸ்கேனில் இருப்பது அதன் நகல்.

கண்ணாடியோடு சேர்த்தே, பின்னால் அமிலமில்லாத அட்டை கொடுத்து, உள்சுவர் ஒன்றில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள், பின்னால் காற்று போகட்டும்.

கடை காலை பத்து மணிக்குத் திறந்துவிடும். அதற்கு முன்னால் போய் நில்லுங்கள். பிரிக்கவில்லையென்றால் வாங்கிக்கொண்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.