ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறை நாறுவது ஏன்?

இரண்டு மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், கழுவிவைத்த குளியலறையிலும் சாக்கடை நாற்றம் அடிக்கிறதே, குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உடைப்பு எதுவும் இருக்காது. தண்ணீர் வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

தரையில் உள்ள சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கிண்ணம் போல ஒன்று இருக்கும். பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்பார்கள். அதில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று, சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் அடைக்கிறது. கழிப்பறைக் கோப்பையின் வளைவுக்கும் அதே வேலைதான். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற யோசனை, இன்றும் மாறவில்லை. வெயில் காலத்தில் அந்த நீர் ஆவியாகிவிட்டால் வாயுவுக்கு வழி திறந்துவிடுகிறது.

ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், போதும். மீண்டும் நெடுநாள் பூட்டுவதாக இருந்தால், கிளம்பும்போது இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் விடுங்கள். மேலே படலமாக நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும். நாற்றம் பொறுக்காமல் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்: குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் ஊற்றிய மறுநாளே நாற்றம் திரும்பினால் ட்ராப்பில் விரிசலோ, சாக்கடை வாயுவை வெளியே விடும் காற்றுக்குழாயில் அடைப்போ இருக்கலாம். அப்போது பிளம்பரைக் கூப்பிடுங்கள்.